ஒரு வெள்ளைக் கட்டம்

பிளெக்ஸ் கடையில் விரித்துக் காட்டிய போர்டைப் பார்த்ததுமே அலீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது யாரு?" என்று கத்தினாள்.

பூந்தமல்லியில் தம்பி திறக்கப்போகும் டீக்கடைக்கு, இறந்துபோன அத்தா ஷவுகத் அலியின் முகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களால் வரைந்து கொடுத்திருந்தாள். மொபைல் கேம்களுக்கு இப்படிக் கட்டம் வைத்து வரைவதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. கடைக்காரர் திருமுருகன் அத்தனை கட்டத்தையும் அழித்து, முகத்தை மழமழவென்று ஆக்கியிருந்தார்.

"படம் கட்டம் கட்டமா ஒடஞ்சி இருந்துச்சும்மா. வாட்ஸ்அப்புல வர்றதெல்லாம் அப்டித்தான் கீது. நானே குந்தி சரி பண்ணேன்."

"ஒடையல, வரைஞ்சதே அப்படித்தான்! அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல பெரிய படத்துக்கு இடமில்ல. இருக்கிற நாலு கட்டத்துல ஆளைக் காட்டணும்னு ஆரம்பிச்சது இது. இப்ப இடம் கொட்டிக் கிடக்கு, ஆனாலும் வரையறோம். ஏன்? மிச்ச முகத்தைப் பாக்குறவங்க மனசே போட்டுக்கும். கண்ணு மின்னுறதுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் வச்சேனே, எங்க அது? அந்த ஒண்ணுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு!"

போனில் அசல் படத்தைத் திறந்து நீட்டினாள். "நாலடி தள்ளி நின்னு பாருங்க."

திருமுருகன் பின்னால் நகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அட, நம்ம ஷேர் ஆட்டோ ஓட்டுன பாய்! ஆறு வருசம் அவரு வண்டிலதான் வந்துகினு இருந்தேன். நேத்து பூரா இந்த மூஞ்சியத்தான் தேச்சிகினு இருந்தேனா?"

"தேச்சீங்க. ஒரு வாட்டியாவது பாத்தீங்களா?"