ஹைஃபா நிறுத்தத்தில் நின்ற விமானம்

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம் போனால் வரும் ஒரு நகரத்தில், யூத சமூக மண்டபத்தின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். ஏழு வருடமாகிறது. வேலைக்கு விண்ணப்பித்தபோது என் கணவர் கேட்ட ஒரே கேள்வி, "ஞாயிற்றுக்கிழமையும் போகவேணுமோ?" என்பதுதான். ஓம், ஞாயிறுதான் முக்கியம். அன்றைக்குத்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஆறு வயதில் இருந்து பதின்மூன்று வயது வரை நாற்பது பிள்ளைகள் காலையில் வந்து ஹீப்ரு எழுத்தும், பண்டிகைகளும், இஸ்ரேல் நாட்டின் வரைபடமும் படித்துவிட்டு, மத்தியானம் என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சமையலறையின் சட்டங்களைப் பழக எனக்கு ஒரு கிழமைதான் எடுத்தது. பால் சமைக்கும் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு, இரண்டிலும் சேராதவற்றுக்கு இன்னொன்று. விரதத்துக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது புதினமில்லை. புதினமாக இருந்தது அடுப்புத்தான். சமைப்பது நான், ஆனால் அடுப்பைப் பற்றவைப்பது சமையலறை மேற்பார்வைக்காரர். யூதர் ஒருவர் பற்றவைத்தால்தான் அந்தச் சாப்பாடு அவர்களுக்கு ஆகுமாம். உக்ரைனின் ஒடெசாவில் பிறந்த மனிதர். காலையில் வந்து அடுப்பைத் திருகிவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கீரையை ஒவ்வொரு இலையாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்ப்பார். ஒரு கட்டுக் கொத்தமல்லி அவர் கையைத் தாண்டி என்னிடம் வர முக்கால் மணித்தியாலம் ஆகும்.

பிள்ளைகளுக்கு நான் 'அக்கா'. முதல் நாள் பள்ளிக்கூட ஆசிரியை, "பிள்ளைகள் உங்களை எப்பிடிக் கூப்பிடுறது?" என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். அது என் பெயர் என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். வாசலில் காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரர்களின் பட்டியலில்கூட இன்றைக்கும் நான் 'திருமதி அக்கா'தான்.

ஆசிரியை லத்வியாவின் ரீகா நகரத்தில் பிறந்து, பத்து வயதில் ஜேர்மனிக்கு வந்தவர். பிறகு இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில் மூன்று வருடம் படித்திருக்கிறார். அந்த மூன்று வருடத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும். பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலானோர் பழைய சோவியத் நாடுகளில் இருந்து வந்தவர்கள். வீட்டில் ரஷ்யன், பள்ளிக்கூடத்தில் டொச் என்கிற ஜேர்மன் மொழி, ஞாயிறு காலையில் ஹீப்ரு. மூன்று மொழிக்கும் நடுவில் நின்று தடுமாறும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று கட்டிலுக்குள் ஒளிந்துகொள்ளும் ஒருத்தி என் வீட்டிலும் இருக்கிறாள்.

அந்த வருடம் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் இஸ்ரேலுக்குப் போய்வர இருந்தார்கள். மாதக்கணக்கில் அதே பேச்சு. ஒருத்தி சாக்கடலில் மிதக்கவென்று நீச்சலுடுப்பும் வாங்கி, அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். பிறகு இஸ்ரேலில் இருந்து வந்த செய்திகள் மோசமாகின. விமானங்கள் நின்றன. பயணம் இல்லை என்று ஆசிரியை தாழ்வாரத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

பிறகு சமையலறைக்குள் வந்து என் மேசையடியில் இருந்துகொண்டு கொஞ்சம் அழுதார். தேத்தண்ணி குடித்தார். இரண்டாவது கோப்பையில் நிமிர்ந்தார். நாங்கள் டொச்சில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் எனக்கு எல்லாரும் தமிழில் பேசியதாகவே நினைவிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, அங்கை போக ஏலாதெண்டால், அதை இஞ்சை கொண்டு வருவம். இஸ்ரேலின்ரை சுதந்திர நாளை ஒட்டின ஞாயிறு, மண்டபத்துக்குள்ளை விமானம் விடுவம்."

"விமானமோ?"

"ஓம். கதிரையளை வரிசையா வைப்பம். எல்லாருக்கும் பாஸ்போட். இறங்கினால் ஒரு வகுப்பறை ஜெருசலேம், மற்றது சாக்கடல். சந்தை உங்கடை."

"நான் சந்தையிலை என்ன செய்யிறது?"

"ஃபலாஃபல் விக்கிறது. ஆனால் காசு இல்லை. ஹீப்ருவிலை கேட்டால்தான் சாமான்."

என்னிடம் ஹீப்ருவில் கேட்டால் எனக்கு எப்படி விளங்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நேரத்துக்குப் பிறகு வந்த வெளிச்சத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஃபலாஃபல் என்பது கொண்டைக்கடலையை அரைத்து உருட்டிப் பொரிக்கும் பலகாரம். ஆசிரியை எங்கோ இருந்து செய்முறை எழுதிக்கொண்டு வந்தார். முதலில் கடலையை அவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனால் ஹைஃபாவில் மூன்று வருடம் இருந்தவர் சொல்கிறார் என்று அவித்து, அரைத்து, உருட்டி எண்ணெயில் போட்டேன். போட்ட உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து காணாமல் போயின. மேற்பார்வைக்காரர் எட்டிப் பார்த்து, "இது சூப்போ?" என்று கேட்டார்.

"நீங்கள் அங்கை இருக்கேக்கை இதைச் செய்தனீங்களோ?" என்று ஆசிரியையைக் கேட்டேன்.

"சாப்பிட்டனான்," என்றார் மெல்ல.

"வடைக்கு ஆரும் பருப்பு அவிக்கிறேல்லை. விடுங்கோ, நான் பாக்கிறன்."

அடுத்த நாளுக்குக் கடலையை ஊறப்போட்டேன். அவிக்காமல், கரகரப்பாக அரைத்து, மேற்பார்வைக்காரர் பூச்சி பார்த்து முடித்த கொத்தமல்லியையும் வெங்காயத்தையும் சேர்த்து, சீரகம் போட்டேன். உருண்டை எண்ணெயில் குதித்து எழும்பியது. ஆசிரியை ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மேற்பார்வைக்காரர் நான்கு சாப்பிட்டார். அது பரிசோதனைக்காக என்றார்.

வீட்டில் இரண்டு கிழமை எனக்கு ஹீப்ருப் பாடம். ஆசிரியை சொல்லித்தந்த வசனங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிவைத்தேன். 'பெவகஷா' தயவு செய்து. 'தோதா' நன்றி. 'எனக்கு வேண்டும்' என்பதுதான் வில்லங்கம். சொல்வது ஆண் என்றால் 'அனி ரோட்சே', பெண் என்றால் 'அனி ரோட்சா'. தமிழில் 'நான்' என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே. நான் கோப்பை கழுவிக்கொண்டு ரோட்சே, ரோட்சா என்று முணுமுணுக்க, கணவர் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல், "என்ன மந்திரமப்பா?" என்றார். என் மகள் மட்டும் தாளைப் பறித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்டாள். நான் பிழை விட்டால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சனிக்கிழமைகளில் நான் அவளுக்குச் செய்வதை எல்லாம் திருப்பித் தந்தாள்.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மண்டபப் பராமரிப்பாளர் தொலைபேசி எடுத்தார். அவர்தான் விமானி. கடும் காய்ச்சல், எழும்ப முடியவில்லை என்றார். நாற்பது கதிரைகள் வரிசையாகக் காத்திருந்தன. ஜெருசலேம் அறையில் அட்டைச் சுவர் எழும்பியிருந்தது. சாக்கடல் அறையில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதில் முட்டைகள் மிதந்தன. விமானி மட்டும் இல்லை. பாஸ்போட் பார்ப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் ஆசிரியை. அவரை இன்னும் பிரிக்க முடியாது.

சமையலறை யன்னலால் பார்த்தேன். ஒரு சாம்பல் நிறக் காருக்குள் ஒரு மனிதர் இருந்தார். போர் தொடங்கிய பிறகு உக்ரைனில் இருந்து வந்தவர். ஒன்பது வயது மகளை ஒவ்வொரு ஞாயிறும் கூட்டிக்கொண்டு வருவார். அவள் உள்ளே வருவாள். அவர் மூன்று மணித்தியாலமும் காருக்குள்ளேயே இருப்பார். பெற்றோருக்கென்று அறை இருக்கிறது, தேத்தண்ணி இருக்கிறது. பனி கொட்டிய நாளிலும் அவர் உள்ளே வந்ததில்லை. மகளைக் கேட்டால், "அப்பாவுக்கு விருப்பமில்லை" என்று நிலத்தைப் பார்ப்பாள்.

சமையல் மேலங்கியோடே வெளியே போய்க் கார் யன்னலில் தட்டினேன். திடுக்கிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"மகளுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. உங்களுக்கு ஓட்டத் தெரியுமோ?"

"என்ன ஓட்ட?"

"விமானம்."

என் டொச்சில்தான் ஏதோ பிழை என்று நினைத்திருப்பார். நான் கதையைச் சொன்னேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நான் டிராம் ஓட்டினனான். பதினாறு வருசம்."

"அது காணும். வாங்கோ."

அவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு உள்ளுக்கு நடக்கிற ஒண்டும் தெரியாது. என்ரை தகப்பன்ரை பழைய சோவியத் பாஸ்போட்டிலை 'யூதர்' எண்டு ஒரு சொல் இருந்தது. எங்களிட்டை இருந்தது அந்த ஒரு சொல்தான். எழுத்துத் தெரியாது, பாட்டுத் தெரியாது. என்ரை பிள்ளைக்கு முன்னாலை நான் என்னெண்டு நிக்கிறது?"

"நான் யூதரே இல்லை," என்றேன். "நான் சந்தையிலை ஹீப்ரு கதைக்கப் போறன். ஆருக்குக் கூடுதலா வெக்கம் வரவேணும், சொல்லுங்கோ."

முதன்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். காரைப் பூட்டிவிட்டு என் பின்னால் வந்தார். வாசலில் பொலிஸ்காரர் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "இவர் விமானி," என்று நான் சொன்னேன். பொலிஸ்காரர் சிரிக்காமல் ஒரு சலூட் அடித்தார்.

அவர் முன்கதிரையில் போய் இருந்ததும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசிரியை ஒரு தொப்பியை அவர் தலையில் வைத்து, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். அதைப் பிடித்ததும், பதினாறு வருடமாக டிராமில் தினமும் சொன்னது தானாக வாயில் வந்தது.

"கவனம், கதவுகள் மூடுகின்றன. அடுத்த நிறுத்தம், வியன்னா."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. விமானம் நிறுத்தம் நிறுத்தமாக நின்று நின்று போனது. முதலில் ரஷ்யனிலும் பிறகு உடைந்த டொச்சிலும் அறிவித்தார். ஏதென்ஸில் நின்றது. மத்தியதரைக் கடலின் நடுவே நின்றபோது, "இந்த நிறுத்தத்தில் நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் இறங்கவும்" என்றார். சின்னவர்கள் மணி அடிப்பதுபோலச் சத்தம் போட்டு, "இறங்கவேணும், இறங்கவேணும்" என்றார்கள். ஆசிரியை காதுக்குள் ஏதோ சொல்ல, "அடுத்த நிறுத்தம், ஹைஃபா. மறந்த பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த ஊரின் பெயர் கேட்டதும் ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு என் சந்தை. நாற்பது பேர் ஒரேயடியாக வந்து விழுந்தார்கள். ஒரு வசனத்துக்கு ஒரு ஃபலாஃபல். 'பெவகஷா' சொல்லாமல் கை நீட்டியவர்களை நான் எங்கள் ஊர்ச் சந்தைக்காரிபோல இடுப்பில் கை வைத்துத் துரத்தினேன். ஒருவன் ஒரே மூச்சில் ஐந்து வசனம் சொல்லி ஐந்து வாங்கினான். அடுத்த முறை வந்தபோது பழைய வசனம் செல்லாது என்றேன். அவன் ஓடிப்போய் ஆசிரியையிடம் புதிது கேட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்கு அந்த வகுப்பு படித்த ஹீப்ருவை ஒரு மாதத்திலும் படித்ததில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார்.

கடைசியாக விமானி வந்தார். மகள் பக்கத்தில் நின்று காதுக்குள் சொல்லிக்கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அனி ரோட்சா ஃபலாஃபல், பெவகஷா" என்றார்.

"ரோட்சே!" என்று நான் கத்திவிட்டேன். "நீங்கள் ஆம்பிளை. ரோட்சே."

மகள் தனக்குத் தெரிந்த மாதிரியே சொல்லிக்கொடுத்திருந்தாள். பெண் சொல்வதுபோல. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என்னை ஒருமுறை, எனக்கு முன்னால் ஒட்டியிருந்த தமிழ்த் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். 'ரோட்சே' என்று நான்கு தரம் சொன்னார். நான்கு ஃபலாஃபல் கொடுத்தேன். இரண்டை வாசல் பொலிஸ்காரருக்கு அவரே கொண்டுபோனார்.

எல்லாரும் போன பிறகு மகள் தன் பையில் இருந்து ஒரு நீல அட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். வகுப்பில் தனக்குச் செய்யும்போது அவருக்கும் ஒரு பாஸ்போட் செய்து, கொடுக்கப் பயந்து வைத்திருந்தாளாம். அதில் அவர் பெயரை ஹீப்ருவில் எழுதியிருந்தாள். அவர் அதை இடது பக்கத்தில் இருந்து விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

"இல்லை அப்பா, மற்றப் பக்கத்தாலை," என்றாள் அவள். அவர் விரலைப் பிடித்து, ஹீப்ரு எழுத்து தொடங்கும் வலது பக்கத்தில் வைத்தாள்.

எழுத்தெழுத்தாக அவள் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். நான் எண்ணெய்ச் சட்டியைக் கழுவுவதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

செப்டெம்பரில் பெற்றோருக்கு என்று ஒரு ஹீப்ரு வகுப்புத் தொடங்கியது. முதலில் கேட்டவர் எங்கள் விமானிதான். ஆறு பேரோடு தொடங்கி இப்போது பதினொரு பேர். பெரியவர்களுக்குக் கதிரை இல்லாததால், முழங்கால் நாடியில் முட்ட ஆறு வயதுக்காரர்களின் கதிரையில் இருந்து 'அலெஃப், பேட்' என்று எழுத்துச் சொல்வார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போது ஆசிரியை, "அக்கா, நீங்களும் இருங்கோ" என்பார். வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டு ஒரு பத்து நிமிடம் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். என் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்து அம்மாக்களுக்கும் இந்த விமானக் கதையைச் சொன்னேன். ஊரை மண்டபத்துக்குள் கொண்டுவருவதென்றால் யாழ்ப்பாணத்தை வைப்பதா வவுனியாவை வைப்பதா என்று இன்னும் சண்டை போய்க்கொண்டிருக்கிறது.

விமானியின் வீட்டுப்பாடத்தை அவருடைய மகள் சிவப்புப் பேனாவால் திருத்துகிறாளாம். கண்டிப்பானவள். ஒரு பக்கம் முழுவதும் பிழையில்லாமல் எழுதினால் மட்டும் ஒரு நட்சத்திரம் ஒட்டுவாள். போன கிழமை முதல் நட்சத்திரம் கிடைத்ததும், சமையலறைக்குள் வந்து கொப்பியை விரித்து மேற்பார்வைக்காரருக்கும் எனக்கும் காட்டினார். மேற்பார்வைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கொத்தமல்லி பார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். கடைசியில், "சுத்தம்," என்றார்.