வாகனம் வராத பாதை

புதன்கிழமை காலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு டெலிபோன் அடித்தது. நியூசிலாந்தில் யூலை குளிர்காலம். நான் சமையலறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் தேநீரோடு இருந்தேன். ஓப்பரேட்டர் பெண் என் மகளின் பெயரைச் சொல்லி, இங்கிலாந்திலிருந்து கலெக்ட் கோல், ஏற்கிறீர்களா என்று கேட்டாள்.

"நோ, தேங்க் யூ" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ரிசீவரை இறக்கும்போது அந்தப் பக்கத்தில் யாரோ பேசத் தொடங்கியது போல இருந்தது. வைத்துவிட்டேன்.

ஏன் மறுத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிய எங்கள் ஆட்கள் பலர் செய்த காரியம்தான் அது. கலெக்ட் கோல் என்றால் எடுப்பவர் காசு கட்ட வேண்டும். மறுத்துவிட்டால் யாருக்கும் செலவில்லை. ஆனால் பிள்ளை சுகமாக ஒரு டெலிபோனுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்ற செய்தி வந்து சேர்ந்துவிடும். மகள் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் தனியே சைக்கிள் பயணம் போய்க்கொண்டிருந்தாள். அன்றன்றைய விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே பின்னேரம் ஏழு மணிக்குக் கலெக்ட் கோல் போடுவாள். இங்கே ஆக்லாந்தில் அது அடுத்த நாள் காலை ஆறு மணி. நான் மறுப்பேன். சேர்ந்துவிட்டாள் என்று பொருள். வேறு நேரத்தில் வந்தால் ஏற்க வேண்டும். இந்த விதியைப் போட்டவனும் நான்தான்.

ஐந்து காலைகள் மறுத்திருந்தேன். ஆறாவது நாள் வாய் தானாகவே மறுத்தது.

மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இங்கே படிப்பை முடித்துவிட்டு, ஒரு வருடம் வேலை செய்து பார்க்கிறேன் என்று இங்கிலாந்துக்குப் போனவள். கோடை வந்ததும் சைக்கிளில் சுற்றப் போகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். இங்கே ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து நகரத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், ஒரு லொறியின் பக்கக் கண்ணாடி என் தோளைத் தட்டிவிட்டுப் போனது. காறை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு பஸ்தான். அவளுக்கு அது தெரியும். அதனால் இங்கிலாந்தில் மோட்டார் வாகனமே வராத பாதைகள் இருக்கின்றன என்று எழுதினாள். கைவிடப்பட்ட ரயில் பாதைகளில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் விட்டிருக்கிறார்களாம். வாய்க்கால் கரைகளும் அப்படித்தானாம். கேட்பதெல்லாம் குருவிச் சத்தமும் சைக்கிள் சங்கிலியின் சத்தமும்தான் என்று எழுதியிருந்தாள். கூடவே வரைபடங்களின் போட்டோக்கொப்பி. ஒவ்வொரு இரவும் தங்கும் விடுதியின் டெலிபோன் நம்பர் ஓரத்தில் இருந்தது.

அந்தத் தாள்களை நான் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறாம் நாளில் ஓரிடத்தில் அவளுடைய பேனாக்கோடு பாதையை விட்டு விலகி, இரண்டு கிராமங்களுக்கு நடுவே சின்னத் தார் ரோட்டில் போனது. ஐந்தாறு மைல் இருக்கும். அதற்குச் சமாந்தரமாகவே ஒரு பழைய ரயில் பாதையும் ஓடியது. அவளுக்கு உடனே டெலிபோன் எடுத்தேன்.

"அப்பா, அந்த ரோட்டால ஒரு நாளைக்கு ரெண்டு ட்ராக்டர் போனாலே பெரிய விஷயம்."

"அந்த ரெண்டில ஒண்டு காணும் பிள்ளை, உன்னை இடிக்க."

"அந்த ரயில் பாதை ஒரே பற்றையும் முள்ளுமாம். ஒருத்தரும் போறேல்லையாம்."

"ஒருத்தரும் போகாட்டில் நல்லதுதானே?"

அவள் சிரித்தாள். "சரி சரி, உங்கட பாதையாலேயே போறன். ரயில் வந்தா நீங்கள்தான் பொறுப்பு."

அந்த ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, அங்கே மழை. அவள் என் பாதையால் போனாள்.

நான் டெலிபோனை வைத்த சத்தத்துக்கு மனைவி எழும்பி வந்தாள். "ஆர்?" என்றாள்.

"உன்ரை மகள்தான். இண்டைக்கு நேரத்தோட சேர்ந்திட்டாள்."

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஆறு மணிக்கெல்லோ எடுக்கிறவள்?"

"பின்னால காத்து அடிச்சிருக்கும். கெதியாப் போயிருப்பாள்."

"காத்தா? நீங்கள் கூடப் போய்ப் பார்த்தனீங்களாக்கும்." பிறகு குரல் மாறியது. "இஞ்சருங்கோ, வேற நேரத்தில வந்தா எடுக்க வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

நாற்பது நிமிட வித்தியாசம் ஒரு வித்தியாசமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆறு மணியாகட்டும், பார்ப்போம் என்றேன். இரண்டு பேரும் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஆறு மணிக்கு அது அடிக்கவில்லை. ஆறேகாலுக்கும் இல்லை.

ஆறரைக்கு விடுதிக்கு எடுத்தேன். விடுதிப் பொறுப்பாளர் வயதான மனிதர், மரியாதையானவர். பெயரைப் பதிவுப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, அந்தப் பெண் இன்னும் வரவில்லை என்றார். எந்த வழியாக வருகிறாள் என்று கேட்டார். சொன்னேன். அது மிகவும் அமைதியான பகுதி, அந்த அமைதிக்காகவே சிலர் தேடி வருவார்கள், ஆனால் மழை நாளில் யாரும் வர மாட்டார்கள் என்றார். என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, அங்கே வாகனம் எதுவும் மோதாது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் வைத்த பிறகும் நான் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத தெருவைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓடியவன் நான். ஏதோ நடந்திருக்கிறது, அல்லது நடக்கப் போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. சந்தடி இருந்தால் பயமில்லை, யாராவது தூக்குவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே வந்த பத்து வருடத்தில் ஒரு லொறிக் கண்ணாடிக்காக அதை மறந்துவிட்டு, என் பிள்ளைக்கு ஆளில்லாத தெருவைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மனைவி வேலைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. அவள் ஜெபமாலையை எடுத்தாள். எனக்கு ஜெபிக்க வரவில்லை. மனம் அந்த அரைகுறைச் சத்தத்தையே திரும்பத் திரும்பக் கேட்டது. "அப்பா" என்று தொடங்கினாளா? "வைக்காதேங்கோ" என்றாளா? அந்தப் பகுதிப் பொலிசுக்கு எடுத்தோம். அவளுடைய பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன், உயரம் சொன்னேன், மஞ்சள் மழை அங்கி என்றேன். எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு லைன் பிஸியாகிவிடும் என்ற பயத்தில் யாரையும் அழைக்காமல் இருந்தோம். ஒரு முறை அடித்தது. என் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். நான் போட்ட கூச்சலில் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள்.

பத்தரைக்கு இங்கிலாந்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு டொக்டர் எடுத்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்று முதலில் சொன்னார். அதைச் சொல்லும் விதத்திலேயே வேறொன்று இருக்கிறது என்று விளங்கிவிட்டது. பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் சறுக்கி, மேட்டிலிருந்து கற்களுக்குள் விழுந்திருக்கிறாள். காலை பத்து மணி இருக்கும். இடது கால் முழங்காலடியில் நொறுங்கி, இரத்தக் குழாய் அறுந்திருக்கிறது. எழும்ப முடியவில்லை. கத்தியிருக்கிறாள். நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழவி அந்தப் பக்கம் வந்தபோது மாலை நான்கு. நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டொக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டோம் என்றார். சம்மதப் பத்திரத்தில் அவளே கையெழுத்திட்டாள், பெரிய தைரியசாலி, வீட்டோடு பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கேட்டாள், டெலிபோனையும் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்றார்.

அது எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.

மனைவி இரண்டு நாளில் புறப்பட்டுப் போனாள். நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். ஐந்து வாரம் டெலிபோனில் மகளோடு கதைத்தேன். சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தோம், காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். அந்த அழைப்பைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரவில் படுத்தால் நாற்பது நிமிடக் கணக்கு வரும். ஏற்றிருந்தாலும் கால் மிஞ்சியிருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துக்குப் பேனாவைப் பிடிக்கும்போது அவள் காதில் என் குரல் இருந்திருக்கும். வேறொன்றும் சொல்லத் தெரிந்திருக்காது எனக்கு. "பிள்ளை, அப்பா இருக்கிறன்" என்றாவது சொல்லியிருப்பேன்.

ஓகஸ்ட் கடைசியில் விமான நிலையத்துக்குப் போனேன். எல்லோரும் வெளியே வந்து முடிந்த பிறகுதான் வந்தார்கள். ஒரு பணியாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் மனைவி பெட்டிகளோடு. மகள் மெலிந்திருந்தாள். மடியில் ஒரு போர்வை. நான் குனிந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளே சொன்னாள்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் 'நோ, தேங்க் யூ' எண்டு சொன்னது எனக்குக் கேட்டது."

"தெரியும் பிள்ளை."

"நேர்ஸ் காசு வேண்டாம், சும்மா எடுத்துக் கதை எண்டுதான் தந்தவ. அவையின்ர போனில நியூசிலாந்துக்குக் கதைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதுதான் கலெக்ட் போட்டனான்."

"திருப்பி எடுத்திருக்கலாமே பிள்ளை..."

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"உங்கட குரல் அவ்வளவு சந்தோஷமா இருந்தது, அப்பா. இன்னும் கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும் எண்டு நினைச்சன். பிறகு பேனையைக் கேட்டு வாங்கினன்."