ஜூலையில எழுதின பரீட்சை

லானி பர்டெட்டுக்குச் சம்பளம் கொடுத்தது பந்து புடிக்கிறதுக்கு இல்ல, மோதுறதுக்கு. அமெரிக்கன் ஃபுட்பால்ல அவன் நிக்கிற இடத்துக்கு டைட் எண்ட்னு பேரு. முன்வரிசைத் தடியனுங்களுக்குப் பக்கத்துல, கடைசி ஆளா, ஒத்தக் கையத் தரையில ஊனிக் குனிஞ்சு நிக்கணும். பந்து அசைஞ்சதும் எதிர்ல இருக்கிறவன் நெஞ்சுல போய் விழணும். சில டைட் எண்டுங்க ஓடிப்போய்ப் பந்தும் புடிப்பானுங்க. டிவியில பல்லக் காட்டுறது அவனுங்கதான். லானி அந்த வகை இல்ல. மூக்கு ரெண்டு தடவ உடைஞ்ச வகை.

ஊரு மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம், வெயர்ட்டன். அப்பன் உருக்காலைத் தொழிலாளி. ஆலை ஆளக் கொறைச்சப்ப வேலையோட வைத்தியக் காப்பீடும் போச்சு. இடுப்பு தேஞ்ச மனுஷன் ஆபரேஷனத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில மாடி ஏற முடியாம சோஃபாவுலயே படுத்துக்கிட்டாரு. லானி அதப் பாத்து வளந்தவன். அதனால கோப்பை, பேரு, புகழ் எதுவும் அவனுக்கு வேணாம். மூணு சீசன் கணக்குல ஏறணும், அவ்வளவுதான். மூணு ஏறிட்டா பென்ஷன் உண்டு, ஆட்டத்த விட்டப்புறமும் கொஞ்ச வருஷம் வைத்தியம் உண்டு. எந்த முதலாளியும் மனசு எளகிக் கொடுத்தது இல்ல இது. ஆட்டக்காரங்க சங்கம் மல்லுக்கட்டி வாங்கினது.

ரெண்டு சீசன் ஏறியாச்சு. அதுக்கே நாலு ஊரு மாறினான். எங்க போனாலும் பெட்டியப் பிரிச்சு அடுக்க மாட்டான். ஓஹையோவுல இந்த அணிக்கு வந்தப்பவும் அப்படித்தான். டைட் எண்ட் இடத்துக்கு அவனோட சேத்து அஞ்சு பேரு. அதுல ரெண்டு பேரு வீட்டுக்குப் போகணும்.

ஜூலையில முகாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு ஒரு பரீட்சை வைப்பாங்க. உருவத்த ஞாபகம் வச்சுக்கோ, கலர் மாறினா பட்டனத் தட்டு, இப்படி. பின்னால தலையில அடிபட்டா அதே பரீட்சை மறுபடி வரும். ஜூலையில வாங்கின மார்க்குக்குக் கீழ போனா ஆட முடியாது. ஆட்டக்காரன் என்ன பண்ணுவான்? ஜூலையிலயே மக்கு வேஷம் போடுவான். பின்னால நெஜமாவே மண்ட கலங்கினாலும் மார்க் எறங்காது பாரு.

பரீட்சை முடிஞ்சு வந்த லானிய செஃபோ நக்கல் அடிச்சான். செஃபோ சமோவாக்காரன், முன்வரிசையில நடு ஆளு, சங்கத்துக்கு அணியோட பிரதிநிதியும் அவன்தான்.

"மலைக்காட்டான், நீ எதுக்குடா கஷ்டப்பட்டுத் தப்பு போடுற? உள்ளத எழுதினாலே போதுமே."

"நீ எத்தன தப்பு போட்ட?"

"எனக்கு எண்ணத் தெரியாதுன்னு எழுதிட்டு வந்திருக்கேன்."

லாக்கர் ரூமே சிரிச்சுது.

ஆகஸ்ட் கடைசியில, கணக்குல சேராத கடைசி ஒத்திகை ஆட்டம். லானி குறுக்கால ஓடி ஒருத்தன மறிக்கப் போனான். அந்த ஆளோட முழங்கால் வந்து லானி ஹெல்மெட்டோட பக்கவாட்டுல எறங்கிச்சு. எழுந்துட்டான். நல்லாத்தான் எழுந்தான். ஆனா அடுத்த தடவ வரிசை கட்டினப்ப இடது பக்கம் போய்க் குனிஞ்சான்.

"வலதுடா, வலது," செஃபோ குனிஞ்சபடியே சொன்னான்.

லானி மாறி நின்னான். ஓரத்துக்கு வந்ததும் பயிற்சியாளர் ப்ரூயிட் கேட்டாரு, "என்ன பர்டெட், வழி தெரியலயா?"

"கண்ணுல வேர்வ, கோச்."

செஃபோ அவனையே பாத்துக்கிட்டே இருந்தான்.

மறுநாள்தான் ஆளக் கழிக்கிற நாள். சாயங்காலம் நாலு மணிக்குள்ள வீட்டுக்கு அனுப்புறவங்க பேரக் கொடுத்தாகணும். காலையில லானியால வெளிச்சத்தப் பாக்க முடியல. பல் வெளக்கக் குனிஞ்சா தரை மேல வருது. செஃபோதான் கார்ல கூட்டிட்டுப் போனான். முந்தின நாள் மோதல வீடியோவுல பாத்த மருத்துவ ஆளுங்க, போனதும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சாங்க. லானி மூச்சப் புடிச்சுக்கிட்டு பட்டனத் தட்டினான். பாஸ். ஜூலைய விடவே ரெண்டு மார்க் கூட.

வராண்டாவுல ப்ரூயிட் எதிர்ல வந்தாரு. தோளத் தட்டினாரு. "ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சாமே. ரொம்ப நல்லது."

அந்தக் கை தோள்ல ரெண்டு நொடி கூடவே இருந்துச்சு. அவர் பார்வை ஏற்கனவே வேற எங்கயோ போயிடுச்சு. நாலு தடவ கழிச்சுவிடப்பட்டவனுக்கு இது போதும்.

கார் நிறுத்துற எடத்துல செஃபோ வழிய மறிச்சான்.

"உன்னக் கழிக்கப் போறாங்க, உசோ." அவன் தன் தம்பிங்களக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டான். "பாஸ் பண்ணிட்ட இல்ல? நல்ல உடம்போட வெளிய போன்னுடுவாங்க. அடிபட்டிருக்குன்னு டாக்டர் எழுதிட்டா அப்படி அனுப்ப முடியாது. அடிபட்டவங்க பட்டியல்ல வச்சிருக்கணும். சீசன் ஏறிடும்."

"பரீட்சைதான் நல்லாருக்கேன்னு சொல்லுதே."

"வெளி டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடல. மத்தியானம் வர்றாரு. மெர்சியர். அவரு க்ளப் ஆளு இல்ல. அவர்கிட்ட உள்ளதச் சொல்லு."

"ஜூலையில ஏமாத்தினேன்னா? அது எல்லா அணிக்கும் போகும்டா. மண்டயும் கெட்டவன், பொய்யும் சொன்னவன். அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

"இப்ப எவன் கூப்பிடப் போறான்?"

"நாளைக்கே கூப்பிடலாம். டென்வர் அணியில ஒரு டைட் எண்டுக்கு முட்டி போச்சு. என் பேப்பர் சுத்தமா இருந்தா..."

"பேப்பர் சுத்தமா இருக்கு. நீ காலையில ஷூ லேஸ் கட்ட என்னக் கூப்பிட்டடா."

லானி கார் கதவுல சாஞ்சான். கோவம் வந்துச்சு. "நீ மட்டும் யோக்கியனா? நீயும்தான தப்புத் தப்பாப் போட்ட?"

"போட்டேன். நாம எல்லாரும்தான் போட்டோம். அது க்ளப்புக்குத்தான் லாபமாப் போச்சுன்னு இப்ப தெரியுதா?" செஃபோ சாவியச் சுத்திக்கிட்டே சொன்னான். "என் பேரையும் சொல்லணும்னா சொல்லு. எனக்கு வயசாச்சு."

மத்தியானம் மெர்சியர் ரூமுக்குப் போறப்ப வராண்டாவுல டிரெண்ட் உக்காந்திருந்தான். கழிச்ச ஆளுங்களக் கூப்பிடுறது அவன் வேலை. நல்ல சட்ட, மெதுவான குரல், அவன் பக்கத்துல உக்காந்து யாரும் காப்பி குடிக்க மாட்டாங்க. ஆட்டத் திட்டமெல்லாம் இருக்கிற டேப்லெட்ட எடுத்துட்டு வான்னு அவன் சொன்னா, முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

"பர்டெட், டாக்டரப் பாத்துட்டு என்ன வந்து பாருங்க. டேப்லெட்டையும் எடுத்துட்டு வாங்க."

லானி தலையாட்டினான். ஆட்டினது தப்பு. செவுரு நகந்துச்சு.

மெர்சியர் குள்ளமான மனுஷன். திரையப் பாத்துட்டு, "தலையில அடிபட்டவனுக்கு மார்க் கொறையும். உங்களுக்கு ஏறியிருக்கு. என்ன மாயம்?" அப்படின்னாரு.

லானி தரையப் பாத்தான்.

"சரி. ஷூவக் கழட்டுங்க. ஒத்தக் கால்ல நில்லுங்க, கண்ண மூடிக்கிட்டு. நான் போதும்ங்கிற வரைக்கும்."

அதுக்கும் தந்திரம் உண்டு. கட்டவிரல வளச்சுத் தரையக் கவ்வணும், நாக்க மேல் அண்ணத்துல ஒட்டணும், ஏதாவது ஒரு சத்தத்தப் புடிச்சுக்கிட்டு அது இருக்கிற திசைய விடாம இருக்கணும். மூணாவது அணியில ஒரு கெழட்டு ஆளு சொல்லிக் கொடுத்தது. லானி ரெண்டு தடவ அப்படித் தப்பிச்சிருக்கான்.

கண்ண மூடினான். கால் தூக்கினான். கட்டவிரல் தானா வளஞ்சு கம்பளத்தக் கவ்விச்சு. ஏசி சத்தம் இடது பக்கம். நிக்க முடியும். நின்னுட்டா டென்வர். கூப்பிட்டாலும் கூப்பிடுவான். கூப்பிடாட்டி சோஃபா.

கதவுக்கு வெளிய டிரெண்ட் யார்கிட்டயோ போன்ல மெதுவாப் பேசுறது கேட்டுச்சு. "ஆமா, பர்டெட்டும்தான். உடம்பு ஓகேன்னு வந்துடுச்சு."

லானி கட்டவிரல விட்டான்.

அவ்வளவு பெரிய உடம்பு. மேசையோட சேந்து விழுந்துச்சு. அதுவரைக்கும் ஆயிரம் பேரு அவனத் தள்ளியிருக்கானுங்க. தானா விழுந்தது அன்னைக்குத்தான். மெர்சியர் பக்கத்துல மண்டி போட்டு டார்ச் லைட்டக் கண்ணுல அடிச்சாரு.

"ஜூலையில வேணும்னே தப்பாப் போட்டேன், டாக்டர்," லானி தரையில கெடந்தபடியே சொன்னான். "மார்க் ஏறினதுக்கு அதான் காரணம். நேத்து எந்தப் பக்கம் நிக்கணும்னே தெரியல."

"இதத்தான் இவ்வளவு நேரமாக் கேட்டுட்டு இருக்கேன்," மெர்சியர் பேனாவத் தேடினாரு. அது மேசையோட விழுந்து உருண்டு போயிருந்துச்சு. எட்டி எடுத்தாரு.

கதவு தெறந்துச்சு. சத்தம் கேட்டு டிரெண்ட் எட்டிப் பாத்தான். "பர்டெட், மணி ஆகுது. டேப்லெட்..."

"காருக்குள்ள இருக்கு," லானி எழுந்திருக்கல. "அங்கயே இருக்கட்டும். அடிபட்டிருக்குன்னு டாக்டர் எழுதிட்டு இருக்காரு."