மலைக்குக் கேட்கிற மாதிரி ஒரு பெயர்

இது பெயர் வைத்த கதை. ஆனால் இதில் ஒருவர் பெயரும் வராது. என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், பக்கத்துக் காம்பரா அக்காவின் பெயர், எதையும் எழுதப்போவதில்லை. என் மகனின் பெயரை மட்டும் சத்தியமாக எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். கோபப்படாதீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. நான் ஒரு தடவை பட்டவள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் நிவித்திகலைக்கு மேலே தேயிலையும் ரப்பரும் விளைகிற ஒரு தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் கரைத்துக் கொடுப்பது, தொட்டில் ஆட்டுவது, மூக்குத் துடைப்பது, சண்டை விலக்குவது எல்லாம் என் பொறுப்பு. இதில் மூக்குத் துடைப்பதுகூடச் சுலபம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் பெரும்பாடு.

காரணம் ஒரு சினிமாப் படம். சில வருஷங்களுக்கு முன்பு தீபாவளிக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துவந்து ஒரே கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக, அதாவது அறை அறையாக, கட்டிய எங்கள் லயத்து வாசலில் படம் போட்டார்கள். கதாநாயகன் பார்க்க நன்றாக இருந்தான். அடுத்த வருஷம் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவன் பெயர். நான் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் நாலு பையன்கள் ஓடி வருவார்கள். சாயங்காலம் அதே பெயரோடு அம்மா சேர்த்துக் கூப்பிட்டால் நாலு தாய்மார் கூடையோடு திரும்பி, "எந்த அம்மா?" என்பார்கள். எனவே எல்லோருக்கும் ஒரு வால் ஒட்டினோம். ஒருவன் சளி. ஒருவன் சுருட்டை. ஒருவன் மேல்லயம். நாலாமவனுக்கு எதுவும் பொருந்தவில்லை, ஆகவே அவன் 'சும்மா'. பள்ளிக்கூடம் போன பிறகும் அந்தப் பிள்ளை சும்மாதான்.

நான் சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, வால் விஷயம் எனக்கு விளையாட்டல்ல. என் பெயர் எங்கள் தோட்டத்துக் கோயில் அம்மனின் பெயர். திருவிழா மாதத்தில் பிறந்த பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அதையே வைத்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று என் அப்பா ஒருமுறை புதுத் தகரம் ஒன்று வாங்கிப் போட்டார். லயம் முழுக்கத் துருவேறிக் கிடக்க, எங்கள் காம்பராவுக்கு மேலே மட்டும் பளபளவென்று மின்னியது. அன்றிலிருந்து நான் தகரம். முதலில் பெயருக்கு முன்னால் தகரம் வந்தது. பிறகு பெயர் கழன்று விழுந்து தகரம் மட்டும் மிஞ்சியது. அந்தத் தகரமும் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகும் நான் தகரம்தான். கல்யாணத்தில் பூசாரி பெண்ணின் பெயரைக் கேட்டபோது, கூட்டம் ஒரே குரலில் "தகரம்!" என்றது. மாப்பிள்ளை குனிந்து சிரித்தார். எனக்கு மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது.

அதனால் வயிற்றில் பிள்ளை தங்கியதுமே முடிவு செய்துவிட்டேன். என் பிள்ளைக்கு வால் கிடையாது. கூப்பிட்டால் ஒருவன்தான் திரும்பிப் பார்க்கவேண்டும். வயிற்றைப் பார்த்த அத்தனை பேரும் ஆண்பிள்ளை என்றார்கள், நானும் சந்தேகப்படவில்லை. பெயர் யாருக்கும் இல்லாததாக இருக்கவேண்டும். அதற்காகக் கேட்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிற பெயராகவும் இருக்கக்கூடாது.

என் வீட்டுக்காரர் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். எதையும் பகிடியாக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"யாருக்கும் இல்லாத பேருதானே புள்ள வேணும்? ஞாயித்துக்கெழமைனு வையி. தோட்டத்துலயே ஒருத்தனுக்கும் இல்ல. லீவு நாளு, எல்லாருக்கும் புடிக்கும்."

மறுநாள் உர மூட்டையில் அச்சடித்திருந்த ஒரு பெயரோடு வந்தார். "இதப் போட்டா நல்லா வளருவான்" என்றார். அகப்பையை எடுத்துக்கொண்டு துரத்தினேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் துரத்த முடியும்? வாசல் வரைக்கும் போய், அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.

பெயர் அதுவாகத்தான் வந்தது. ஒரு நாள் சுளகில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு சொல் மனதில் வந்து நின்றது. பெரிய சொல்லொன்றும் இல்லை. நாம் எல்லோரும் தினமும் பேசுகிற சொல், நல்ல அர்த்தம். சாமி பெயருமில்லை, சினிமாப் பெயருமில்லை. அதை ஒரு பிள்ளைக்கு வைக்கலாம் என்று மட்டும் இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் சுளகு கவிழ்ந்து, பொறுக்கிய கல்லும் பொறுக்காத அரிசியும் ஒன்றாகிவிட்டன.

கடைக்குப் போய் அங்கிருந்த சிங்கள அக்காவிடம் அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் நாளைக்கு அவர்கள் வாயிலும் நுழைய வேண்டுமல்லவா? அவர் ஒரே தடவையில் சரியாகச் சொல்லி, "ஹரி லஸ்ஸனய், நங்கி" என்றார். ரொம்ப அழகாயிருக்கு தங்கச்சி என்று அர்த்தம். பாதிப் பரீட்சை பாஸ்.

மீதிப் பாதிதான் முக்கியம். எங்கள் தோட்டத்தில் பெயர் என்றால் அது தூரத்துக்குக் கேட்கவேண்டும். இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் ரப்பர் மலை, நடுவில் சத்தம் போட்டபடி ஓடுகிற ஆறு. பாதிப் பேச்சு ஆற்றுக்கு மேலாகக் கூப்பிட்டுத்தான் நடக்கும். மழை பெய்தால் இன்னும் மோசம், எங்கள் பக்கம் மழை எப்போது பெய்யாமல் இருந்தது? ஆகவே சாயங்காலம் என் வீட்டுக்காரர் விறகு பொறுக்க மலைக்குப் போனதும், நான் வாசலில் நின்று தொண்டை கிழிய அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். பிறகு மலையிலிருந்து, கைக்குழந்தைக் குரலில், "ஓய்!" என்று பதில் வந்தது.

நான் அதுவரை அப்படிச் சிரித்ததே இல்லை. அதன் பிறகு தினமும் இதே வேலை. நான் கூப்பிடுவேன், அவர் ஓய் என்பார். மழையில் கூப்பிட்டுப் பார்த்தோம், காற்றில் கூப்பிட்டுப் பார்த்தோம், கோயிலில் மேளம் அடிக்கும்போதும் கூப்பிட்டுப் பார்த்தோம். எப்போதும் கேட்டது. ஒரு நாள் வழியில் போன கணக்கப்பிள்ளை நின்றுவிட்டார்.

"யாரம்மா தேடுற? புள்ள எங்கயும் தொலஞ்சு போச்சா?"

"இல்லைங்கய்யா. இன்னும் பொறக்கல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

பக்கத்துக் காம்பரா அக்காவும் அப்போது முழுகாமல் இருந்தார், அவருக்கும் தலைப்பிள்ளை. பல வருஷம் கோயில் கோயிலாக நடந்து தங்கியது. எனக்கு முன்பே அவருக்குப் பிறந்தது, அதுவும் பையன். தீட்டுக் கழிந்து பெயர் வைக்கிற நாளில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். கொண்டைக்கடலை நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளையின் அத்தை அதன் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லி, பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

என் மகனின் பெயர்.

கடலை தொண்டையில் சிக்கி எனக்குப் புரைக்கேறிவிட்டது. நாலு பேர் தலையில் தட்டினார்கள். எல்லோரும் கையை நக்கிக்கொண்டு, "அடடா, புதுப் பேரா இருக்கே" என்றார்கள். புதுப் பெயராம்! மாதக்கணக்காக மலைக்கே கேட்கிற மாதிரி விளம்பரம் செய்தவள் நான்தானே!

கூட்டம் கலைந்ததும் அக்காவைப் பிடித்தேன்.

"என்னாக்கா இது? அது எம் புள்ளைக்கு வச்ச பேரு."

அக்கா தலை குனிந்தார். "தெரியும்டி தகரம். ஆனா இவன் வயித்துக்குள்ள ஆடவே மாட்டான். கிளினிக்குலகூட மொகத்தச் சுழிச்சாங்க. நான் தெனமும் பயந்து செத்தேன். நீ வாசல்ல நின்னு அந்தப் பேரக் கத்துறப்ப மட்டும் உள்ள இருந்து ஒதைப்பான். நான் வேற என்னா பேருடி வைக்க?"

அக்கா சொன்னது நியாயமாகப் பட்டதால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அடுத்தடுத்த காம்பராவில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள். எவனாவது ஒருவனுக்கு வால் முளைக்காமல் இருக்குமா? அழுகை அழுகையாக வந்தது. அன்றிலிருந்து அக்காவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்தப் பெயரையும் வாயால் சொல்வதில்லை என்று சேர்த்து முடிவெடுத்தேன்.

இன்னொரு பெயர் தேடவேண்டும். எங்கே தேடுவது? லயத்துக் காம்பராவில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி போடுவார்கள். எனவே நானும் வீட்டுக்காரரும் சத்தமில்லாமல் பேசிப் பார்த்தோம். அவர் வாயை மட்டும் அசைப்பார், நான் உற்றுப் பார்ப்பேன். மீன் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். சிரிப்பை அடக்கமுடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறைமாதம் என்றும் பார்க்காமல், ஆற்றுப் பாலம் தாண்டி ரப்பர் மலைக்குள் போனோம். சுற்றிலும் ஒரு மனிதரும் இல்லை. அட்டைகள் மட்டும் காலில் ஏறின.

"இங்க பேசலாம் புள்ள. அட்டைங்க எதுவும் முழுகாம இல்ல" என்றார்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மாறி மாறிக் காலிலிருந்து அட்டை பிடுங்கினோம். அவர் திடீரென்று பகிடியை விட்டுவிட்டு, என் காதுக்குள் ஒரு பெயரைச் சொன்னார். பல நாளாக வைத்திருந்தாராம், நான் சிரிப்பேன் என்று சொல்லவில்லையாம். நான் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சின்னப் பெயர், சுத்தமான பெயர், எந்தக் காம்பராவிலும் இல்லாத பெயர்.

ஒரே ஒரு குறை. அதைக் கூப்பிட்டுப் பார்க்க முடியாது. மலைக்குக் கேட்குமா கேட்காதா என்று தெரியாமலே வைக்கவேண்டும்.

பிள்ளை பிறந்தான், ஆண்தான். இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே நடுச்சுவருக்கு மேலாக ஒரு கை நீண்டது. கையில் சரக்குக் குழம்புக் கிண்ணம். பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சாமான் அரைத்துக் கொதிக்கவைத்த குழம்பு. அக்காதான், பெட்டி மேல் ஏறி நின்று நீட்டியிருப்பார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். கோபம் வேறு, குழம்பு வேறு. தினமும் கிண்ணம் வந்தது. தினமும் கழுவிச் சுவர்மேல் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பெயர் வைக்கிற நாளில் லயமே வந்து குவிந்தது. தகரம் அப்படி என்னதான் ஒளித்துவைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான். என் நாத்தனார் பிள்ளையின் காதில் சொல்லிவிட்டுச் சத்தமாகச் சொன்னாள். ஒரு நிமிஷம் எல்லோரும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது, இன்னும் இரண்டு குரல் சேர்ந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேசரியில் உப்பைப் போட்டிருந்தாலும் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் மழை கட்டிக்கொண்டு வந்தது. நான் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே பெண்கள் குடம் நிரப்பும் தண்ணீர்ப் பீலியடியிலிருந்து அக்காவின் குரல். அக்காவின் தொண்டைக்கு முன்னால் என் தொண்டை ஒன்றுமே இல்லை. யாருடைய அம்மாவையோ கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். இவ்வளவு கத்தியும் திரும்பாமல் எவள் நிற்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். பீலியடியில் ஐந்தாறு பெண்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது என் மகனின் பெயர். அம்மா என்றது என்னை.

தகரம் இல்லை. சளி இல்லை, சுருட்டை இல்லை, மேல்லயம் கீழ்லயம் இல்லை. எந்த அம்மா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பிள்ளைக்கென்று தேடிய பெயர்தான். அதற்கு முதலில் திரும்பியது நான். வாசலில் நின்று அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது.

"புள்ளத் துணியெல்லாம் நனையப்போவுது, எடுடீ!" என்று அக்கா கத்தினார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு, இத்தனை நாள் வாயில் எடுக்காத அந்தப் பெயரை, அரிசிச் சுளகில் எனக்குக் கிடைத்த பெயரை, அம்மா சேர்த்துக் கூப்பிட்டேன். "எடுக்குறேன்!" என்றேன். பீலியடியில் அக்கா குடத்தை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தது தெரிந்தது.

விறகு பொறுக்கப் போயிருந்தவருக்கு இரண்டு பெயரும் கேட்டிருக்கவேண்டும். ரப்பர் மலையிலிருந்து, கைக்குழந்தைக் குரலில், இரண்டு தடவை பதில் வந்தது.

"ஓய்! ஓய்!"