கல்லில் ஒட்டிக்கொண்ட பாலன்

பசை தடவிய கல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். போன மழைக்காலத்தில் மும்பைக்குப் பக்கத்தில் தாணேயில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கல் சேகரிப்பவர்களின் சங்கம் கூடியிருந்தது. அங்கே உதிர்ந்த படிகங்களைப் பசை வைத்து ஒட்டி விற்க வந்திருந்த ஒரு வியாபாரியோடு நான் ஹிந்தியில் சண்டை போட்டேன். என் ஹிந்தி சண்டைக்கு மட்டும்தான் நன்றாக வரும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சங்கத்துப் பெரியவர், ஒரு மராட்டிக்காரர், என்னைக் கூப்பிட்டு, ஜனவரிக் கூட்டத்தில் என் கல் ஒன்றையும் மேசையில் காட்சிக்கு வைக்கலாம் என்றார். ஒரே நிபந்தனை, கல்லில் பசை இருக்கக் கூடாது. என்னிடமா சொல்கிறீர்கள் என்று சிரித்துவிட்டு வீடு இருக்கும் சயானுக்கு ரயில் ஏறினேன். அதுவரை என்னை யாரும் எதற்கும் மேசை போட்டுக் கூப்பிட்டதில்லை.

மேசையில் வைக்கும் தகுதி என் கற்களில் ஒன்றுக்குத்தான் உண்டு. எனக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஜால்னா பக்கம் போய்வரும் டிரைவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். அவர்களில் ஒருவர் கிணறு வெட்டிய மண்ணில் கிடந்ததைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே பலாப்பழத் தோல் மாதிரி முரடு. உள்ளே குகை போலக் குடைந்து, சுவர் முழுக்கக் கல்கண்டு அப்பியது போல வெள்ளைப் படிகம், ஆழத்தில் லேசான ஊதா. மற்ற கற்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்க, இது மட்டும் டிவி பக்கத்தில் இருந்தது. என் வீட்டுக்காரிக்கு அதில் மனத்தாங்கல். "எல்லாரும் அரிசியில கெடக்க கல்லப் பொறுக்கி வெளிய போடுவாவ. இவுக வெளிய கெடக்கதப் பொறுக்கி வீட்டுக்குள்ள கொண்டாராவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அப்படிப்பட்ட கல்லைக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு நானே தூக்கிக் கொடுத்தேன். எங்கள் சந்தில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு குடில் வைப்போம். மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததில் காகிதத்தில் செய்த குகை கூழாகிப் போயிற்று. எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். குகைதானே வேண்டும், என்னிடம் கடவுளே செய்த குகை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

குழந்தை இயேசு சொரூபம் என் வீட்டுக்காரியுடையது. உள்ளங்கையளவு சுண்ணாம்பு பொம்மை. முகத்துச் சாயம் உதிர்ந்து போயிருந்ததைச் சில வருஷங்களுக்கு முன்பு அவளே தீட்டினாள். ஈர்க்குச்சி நுனியைச் சீவிக் கூராக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் வைத்தாள். ஒரு கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. "பாலனுக்கு ஒரு கண்ணு மாதா மேல, ஒரு கண்ணு கேக் மேல" என்று சந்தில் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

முந்தின வருஷம் குடிலிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டியை எலி இழுத்துக்கொண்டு போயிருந்தது. பாலனையும் இழுத்துவிட்டால்? அதனால் நான் ஆபீசில் இருந்த நேரத்தில், பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, பாலனின் முதுகில் சொட்டுப் பசை விட்டுக் கல்லுக்குள் வைத்து, மேலே ஆப்பசோடாவைத் தூவிவிட்டார். சோடா பட்டால் அந்தப் பசை கண்ணிமைக்கும் நேரத்தில் கல்லாகிவிடும். "அண்ணாச்சி, இனிமே எலி இல்ல, யானை வந்து இழுத்தாலும் வராது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். மேசைக்குப் போக வேண்டிய கல்லில் பசை. திருநாள் நேரம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது, மாதா வந்தார், சூசையப்பர் வந்தார், ஒட்டகம்கூட வந்தது. பாலன் மட்டும் வரவில்லை. தாணே கூட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. பட்டறைத் தம்பியிடம் ஓடினேன். "ஒட்டத்தான் அண்ணாச்சி தெரியும். பிரிச்சுத் தாங்கன்னு இதுவர ஒருத்தரும் கேட்டதில்லயே" என்றார்.

பலாப்பிசின் எண்ணெய்க்குப் போகும், இதுவும் போகும் என்று என் வீட்டுக்காரி தேங்காயெண்ணெய் தடவினாள். பசை அசையவில்லை. பாலன்தான் குளித்துத் தலைவாரிய பிள்ளையாக மணத்தார். வெந்நீரில் ஊறவைக்கலாம் என்றால் சுண்ணாம்பு கரையும். கடைசியில் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஃபேன்சி கடையில் போய் நகச்சாயம் அழிக்கிற திரவம் கேட்டேன். என் மீசையையும் நகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தச் சாயம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

அந்தத் திரவம் பசையைக் கரைக்கும், கல்லுக்கு ஒன்றும் செய்யாது. எனக்கு அவ்வளவுதானே வேண்டும். பஞ்சில் நனைத்து முதலில் பாலனின் குதிகாலில் தொட்டுப் பார்த்தேன். பஞ்சில் ரோஸ் நிறம் வந்துவிட்டது.

"என்ன செய்யுதீய?" என்று பின்னாலிருந்து கேட்டாள் என் வீட்டுக்காரி.

"சாயம்தான பிள்ள. போனா திருப்பித் தீட்டிக்கிடலாம்."

"எந்தக் கைய வச்சு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் ரயில்வே படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவள் வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஊசியில் நூல் கோக்கக்கூட இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறாள். இந்த முகம் போனால் போனதுதான். பாட்டிலை மூடி அலமாரி மேல் வைத்தேன்.

மறுநாள் ஆபீசில், குளிர்பெட்டி லாரியில் மீன் ஏற்றிப் போகும் டிரைவர் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஒரு கைப்பிடியை இதே சொட்டுப் பசையால் எத்தனை தடவை ஒட்டினாலும், குளிரில் பசை முறுகி விழுந்துவிடுகிறதாம். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஃப்ரீசர்லயா? நெய்மீன் பக்கத்துலயா?" என்று நெஞ்சில் கைவைத்தாள். ஆனால் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு ஃப்ரீசரில் இருந்த மீன் முழுவதும் குழம்பும் வறுவலுமாக எங்கள் வயிற்றுக்குள் போயிற்று. பட்டறைத் தம்பிக்கும் ஒரு தூக்குச்சட்டி போனது, அவர் செய்த வேலைக்கு அது அதிகம். அவள் ஃப்ரீசரைத் துடைத்து, பாலன் முகம் மட்டும் தெரிகிற மாதிரி கல்லோடு சேர்த்துத் துவாலையில் சுற்றினாள். "குளிருமில்லா" என்றாள். குளிரத்தானே வைக்கிறோம் என்று நான் கேட்கவில்லை.

காலையில் வெளியே எடுத்து மரக்கரண்டியால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். டக் என்று பாலன் அவள் கையில் வந்து விழுந்தார். கண் அப்படியே, சிரிப்பு அப்படியே. இருவரும் பிள்ளைகளைப் போலக் கூச்சல் போட்டோம்.

அப்புறம்தான் பார்த்தேன். பசை விலகியது ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கத்தில் படிகமே கழன்று வந்திருந்தது. பாலன் முதுகில் மூன்று படிகங்கள், நல்ல ஊதாவாக, பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கல்லின் நடுவில் ஒரு சொட்டை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அலமாரி மேலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்து, பாலனைக் குப்புறத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். "முதுகுலதான. கொஞ்சங்கொஞ்சமாத் தொட்டு எடுத்துக்கிடுங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்." சுண்ணாம்பு எதையும் உறிஞ்சிவிடும், முதுகில் விட்டது முகத்துக்கு வரும் என்று அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்றேன். முழு மனதோடு சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கல்லில் மிச்சமிருந்த பசையை மட்டும் அந்தத் திரவத்தால் துடைத்துச் சுத்தமாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாணேக்கு அவளும் வந்தாள். அங்கே இருக்கும் அவள் அக்கா, ஃப்ரீசர் கதையைக் கேட்டுவிட்டு, பாலனைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாளாம். பாலன் கைப்பையில் இருந்தார். என் கல் மேசையில் இருந்தது. பெரியவர் லென்சை வைத்துக் குனிந்து பார்த்தார். பசை இல்லை என்று தலையாட்டினார். பிறகு அந்தச் சொட்டையில் விரல் வைத்து, இங்கிருந்த மூன்று எங்கே என்று ஹிந்தியில் கேட்டார்.

"எங்க வீட்டுக் குழந்தைகிட்ட இருக்கு" என்று நானும் ஹிந்தியில் சொன்னேன்.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

அவர் லென்சோடு நிமிர்ந்தார். என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கைப்பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, பாலனின் முதுகைக் காட்டினாள். பெரியவர் படிகங்களை லென்சில் பார்த்தார். பிறகு மெதுவாகப் பாலனைத் திருப்பி, முகத்தை வெகுநேரம் பார்த்தார், லென்சில் கண்ணைக்கூடப் பார்த்தார்.

"யே கிஸ்னே பனாயா?" என்றார். இதை யார் தீட்டியது?

"மைனே" என்றாள். நான்தான் என்பதை அவ்வளவு கம்பீரமாக அவள் எந்த மொழியிலும் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்திலிருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார் பெரியவர். என் கல்லை அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. யாராவது இன்னொரு தடவை அவளிடம் கேட்க மாட்டார்களா, அவள் இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.