சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோடு

மாரியாத்தா மேல் சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் பெயின்ட் தூவும் என் ஏர் பிரஷ் மூக்கடைத்துப் போகட்டும். பொம்மைக் காருக்குப் பெயின்ட் அடிப்பது பெரிய வித்தையில்லை. அடிக்கக் கூடாத இடத்தை மறைப்பதுதான் வித்தை. என்னைப் போலவே டேப்பை உரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

காலண்டர் படங்களுக்கு ஏர் பிரஷில் மெருகு போட்டவன் நான். இரண்டாயிரம் பிறந்ததும் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. நான் விருதுநகர் வீட்டு மாடியில் மாடல் கார்களோடு உட்கார்ந்துவிட்டேன். போன தீபாவளி சீசனுக்கு முன்னால் தங்கபாண்டி வந்தார். அண்ணனோடு பட்டாசுக் கம்பெனி நடத்தியவர், அப்போதுதான் தனியாகப் பிரிந்திருந்தார். கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் கார்.

"இதைப் போட்டோ எடுத்துத்தான் புஸ்வாணப் பெட்டிக்கு லேபிள் போடணும். மேல சிவப்பு, கீழ வெள்ளை. நடுக்கோடு பிளேடால கீறுன மாதிரி இருக்கணும். எங்க அண்ணன் என்ன சொன்னாக தெரியுமா? 'உனக்கு லேபிளே அமையாதுலே, கடைசியில என் கம்பெனி மயில் படத்தைக் கேட்டு வந்து நிப்பே'ன்னாக. அந்த மயில் மட்டும் வேண்டாம், ஆர்ட்டிஸ்ட்டய்யா!"

செல்லோ டேப்

முழுக்க வெள்ளை அடித்துக் காயவிட்டேன். கீழ்ப்பாதிக்குச் செல்லோ டேப் ஒட்டி, மேலே சிவப்பு அடித்தேன். உரித்தால், வெள்ளை மொத்தமும் டேப்போடு வந்துவிட்டது. கதவு, கைப்பிடி எல்லாம் டேப்பில் அச்சாக இருக்கிறது. காரில் வெறும் பிளாஸ்டிக்.

தங்கபாண்டி டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்: "அப்ப டேப்பைத்தான் போட்டோ எடுக்கணும் போல!"

மைதாப் பசை

விடுவேனா? பெயின்ட்டைக் கழுவி, மறுபடி வெள்ளை அடித்தேன். பிடிப்புக் குறைந்த பசை வேண்டும். பட்டாசுக் குழாய் ஒட்டும் மைதாப் பசையைக் காய்ச்சினேன். கம்பெனியில் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். வெள்ளையில் நீலம் ஏறிவிடுமோ என்று நான் போடவில்லை. பேப்பரை ஒட்டி, சிவப்பு அடித்து, வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பக்கத்து வீட்டு ஆடு சுவரொட்டி தின்று வளர்ந்தது. மாடியேறி வந்து பேப்பரை மொத்தமாக உரித்துத் தின்றுவிட்டது. நம்புங்கள், ஒரு பல் தடம் கிடையாது! நாற்பது வருஷத்தில் நான்கூட அப்படி உரித்ததில்லை. ஆனால் பசை ஈரத்தில் பேப்பர் ஊறி, சிவப்பு உள்ளே இறங்கி, கோடு எலி கடித்த மாதிரி இருந்தது.

தங்கபாண்டி சொன்னார்: "உரிக்கிறதுக்கு ஆட்டையே வச்சுக்குவோம். ஒட்டுறதுக்கு வேற ஆளைப் பாப்போமா?"

பரோட்டா மாவு

ஈரமும் கூடாது, பசையும் கூடாது. வளைவில் படிய வேண்டும். காரைக் கழுவி வெள்ளை அடித்து, நேரே பரோட்டாக் கடைக்குப் போனேன். மாஸ்டர் வீசிய வீச்சில் மாவு எவ்வளவு மெல்லிசானதென்றால், அதற்கு அந்தப் பக்கமிருந்த விலைப்பலகையை நான் கண்ணாடி போடாமலே படித்தேன். காரின் கீழ்ப்பாதியில் தோல் மாதிரி படிந்தது. சிவப்பை அடித்தேன். மாவிலிருந்து எண்ணெய் மேல்பாதிக்குக் கசிந்திருந்த இடமெல்லாம் பெயின்ட் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு, காருக்கு அம்மை போட்டுவிட்டது.

எண்ணெய் இல்லாமல் ஒன்று வீசச் சொன்னதும் மாஸ்டருக்குக் கோபம்: "பரோட்டாவை எண்ணெயிலயே பொரிக்கிற விருதுநகர்ல வந்து எண்ணெய் இல்லாத மாவு கேக்கீகளே, நல்லாயிருக்கா இது?"

வேட்டி

மறுபடி கழுவி வெள்ளை அடித்ததில் கதவுக் கோடு மங்கிவிட்டது. இன்னொரு கழுவலுக்குக் கார் தாங்காது. விடிந்தால் போட்டோ. தவறினால் மயில்தான்.

பெயின்ட்டர்கள் ஒட்டும் சாதாரண மாஸ்கிங் டேப்பையே எடுத்தேன். சுருளின் விளிம்பில் தூசி இருக்கும், நம்பக் கூடாது. கண்ணாடியில் ஒட்டி, பிளேடால் புது விளிம்பு வெட்டினேன். வேட்டியில் நாலு தடவை ஒட்டி ஒட்டி எடுத்துப் பிடிப்பைக் குறைத்தேன். காரில் ஒட்டி, டேப் ஓரத்தில் மறுபடியும் வெள்ளையே அடித்தேன். "வெள்ளை மேல வெள்ளையா? என்னய்யா பண்ணுதீக!" என்று தங்கபாண்டி அலறினார். டேப்புக்கு அடியில் சந்து இருந்தால் வெள்ளையே போய் அடைத்துக்கொள்ளும், பிறகு சிவப்புக்கு வழியேது? சிவப்பை மெல்லிசாக அடித்து, முழுக்கக் காயுமுன் டேப்பை மடக்கி உரித்தேன். அந்தக் கோட்டில் ஒரு எறும்பு நடந்தது. இடது கால்களெல்லாம் சிவப்பிலே, வலது கால்களெல்லாம் வெள்ளையிலே.

தங்கபாண்டி நகத்தால் தடவிப் பார்த்தார்: "ஆர்ட்டிஸ்ட்டய்யா, மயில் பறந்திருச்சு!"

லேபிள்

அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக விழும். அச்சாகி வந்த லேபிளைப் பார்த்தால், சிவப்பு மட்டும் ஒரு நூல் விலகி விழுந்திருக்கிறது! என் கோடு கலங்கிப்போய், கார் ஓரமெல்லாம் இழுபட்டுக் கிடந்தது. பெட்டியிலெல்லாம் ஒட்டி லோடும் ஏற்றியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தங்கபாண்டியின் அண்ணன் வந்தார். ஒரு பெட்டியை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே தங்கம், எல்லாவன் லேபிள்லயும் காரு நிக்கும், உன் லேபிள்ல ஓடுதேலே! மயில் போதும், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போடச் சொல்லு."

எறும்பு நடந்த கோட்டை யாரும் பார்க்கவில்லை, அச்சு விலகியதுதான் பேர் வாங்கிக்கொடுத்தது என்பதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அண்ணனுடைய கார் இப்போது என் மாடியில்தான் காய்ந்துகொண்டிருக்கிறது.