ஆம்ப்ரோஸ் டல்லி கேட்ட கேள்வி

ஆம்ப்ரோஸ் டல்லியின் தபால் விமானத்தைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதியை நம்பினால் போதும். மீதியை அவரே நம்பியதில்லை. எதிர்காற்று பலமாக அடித்தால், கீழே ஓடும் கங்காரு அவரை முந்திக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போய், டல்லி வருகிறார், தேநீர் போடுங்கள் என்று சொல்லிவிடுமாம்.

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் வடகோடியில், வளைகுடாவை ஒட்டிய மாட்டுப் பண்ணைகளுக்குக் கடிதம், மாவு மூட்டை, டிராக்டர் உதிரிபாகம், பிரசவத்துக்குப் போகும் பெண்கள் எல்லாமே அவர் விமானத்தில்தான். மண் ஓடுபாதைமேல் ஒருமுறை தாழப் பறந்து மாடுகளை விரட்டுவார், பிறகுதான் இறங்குவார். இறக்கை நிழலில் ஒரு கோப்பை தேநீர், ஒரு துண்டு கேக், ஒரு புளுகு. அடுத்த பண்ணை.

கடைசிப் பண்ணை வில்கா கிரீக். கணவன் இறந்த பிறகு டுல்சி பேனன் அதைத் தனியாக நடத்தி வந்தாள். அங்கே மட்டும் இரண்டு கோப்பை. கேட்க நினைத்ததைக் கேக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டு, ஒவ்வொரு வாரமும் விமானத்தில் ஏறிவிடுவார்.

அறுபதை நெருங்கும்போது கண் மங்கியது. இனிமேல் ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். முன்பொருமுறை வெள்ளத்தைப் படம்பிடிக்க வந்தபோது அவர் புளுகுகளைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துப் போயிருந்த பிரிஸ்பேன் தொலைக்காட்சிக்காரர்கள் உடனே கூப்பிட்டார்கள். புதன்கிழமை தோறும் நேரடி ஒளிபரப்பு. முகத்தில் பவுடர் அப்பி, புளுகு சொல்ல அவரை உட்காரவைத்தார்கள்.

வளைகுடாப் பக்கம் எல்லாப் பண்ணைக்கும் சேர்த்து ஒரே ரேடியோ அலைவரிசை. பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லி, பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பார்கள். டல்லிக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

"முர்ரே, உன் கிணத்துல தண்ணி வந்துச்சா? ஓவர்" என்று வடக்கே இருக்கும் பண்ணைக்காரர் ஒருவரைக் கேமராவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

தயாரிப்பாளர் ரோஷெல் பதறிப்போனாள். "சார், இங்க யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. மேல பேசுங்க!"

"கேள்வி கேட்டவன் கொஞ்சம் பொறுக்க வேணாமாம்மா?"

அந்தப் பொறுமைக்காகவே அவர் பேர் பரவியது. டாக்சிக்காரர்கள் தெருவில் அவரைப் பார்த்ததும், "தண்ணி வந்துருச்சு, ஓவர்!" என்று கத்தினார்கள்.

அந்த வருடம் வடக்கே பண்ணை வீடுகளில் டிவிக்கான தட்டு ஆன்டெனாக்கள் முளைத்தன. டுல்சியும் ஒன்று வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட புதன்கிழமை, டல்லி புளுகைப் பாதியில் நிறுத்தினார்.

"டுல்சி, ரெண்டு கோப்பை குடிச்சுட்டு இனிமே என்னால கிளம்ப முடியாது. அங்கேயே இருந்துடட்டுமா? கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தான் சொல்றேன். ஓவர்."

காத்திருந்தார். ரோஷெல்லும் காத்திருந்தாள்.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. வில்கா கிரீக் வரை தொலைபேசிக் கம்பி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வடக்கே போய், தம் பழைய விமானத்திலேயே பயணியாக ஏறினார். ஓட்டியவள் ஜோடி என்ற புது விமானி.

அந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. ரேடியோவில் எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். கேட்டதாகக் காட்டிக்கொள்ள மட்டும் மாட்டார்கள். மாடு செத்துப்போச்சு என்று காலையில் ஒருத்தி ரேடியோவில் அழுதிருப்பாள். மத்தியானம் நேரில் பார்க்கிறவர், மாடெல்லாம் சௌக்கியமா என்றுதான் ஆரம்பிப்பார்.

முதல் பண்ணையில் முர்ரே ஓடிவந்தார். "வாங்க டிவிக்காரரே! பவுடரெல்லாம் கழுவிட்டுத்தான் வந்தீங்களா?"

"டுல்சி எப்படி இருக்கா?"

முர்ரே தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே பார்த்தார். "டுல்சியா? நல்லாத்தான் இருப்பாங்க. பிரிஸ்பேன்ல மழை எப்படி?"

அடுத்த பண்ணையில் கிழவி ஐரிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது. "உடம்பைப் பாத்துக்கய்யா" என்றாள். முழு கேக்கையும் மடியில் வைத்தாள். இழவு வீட்டுக்காரனுக்குத்தான் முழு கேக் தருவார்கள் என்று டல்லிக்குத் தோன்றியது.

"ஜோடி, வில்கா கிரீக் வேணாம்மா. திரும்பிடலாம்."

"தபால் இருக்கே ஐயா" என்றாள் அவள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஓடுபாதை ஓரத்தில் டுல்சி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒரு வாரமா என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"உன் பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"மறுநாள் காலையிலயே ரேடியோவுல சொன்னேனே! வளைகுடா பூரா கேட்டுச்சு. உங்ககிட்டேருந்துதான் ஒரு சத்தத்தையும் காணோம். பெரிய மனுஷனாயிட்டாரு, மனசு மாறிட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

"பிரிஸ்பேன்ல எனக்கு ஏது டுல்சி ரேடியோ?"

ரேடியோ இல்லாமல் ஒரு மனிதன் எங்கேயாவது இருப்பான் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அப்ப கேக்கவே இல்லையா?"

"ஊரே கேட்டிருக்கு. நான் கேக்கலை."

"இன்னொரு தடவை வேற சொல்லணுமாக்கும்" என்று முணுமுணுத்தபடி, டுல்சி அவர் காதருகே குனிந்து, மூன்று சொல்லில் சம்மதம் சொன்னாள். அப்படியும் குரல் அவளுக்கு அடங்கவில்லை.

இரண்டடி தள்ளி நின்ற ஜோடி, சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று மிகுந்த அக்கறையோடு குனிந்து பார்க்கத் தொடங்கினாள்.